நடு மேட்டில் கிடந்த கோதுமை

எங்க ஊர்க்காரங்ககிட்ட கடல் எங்க இருக்குன்னு கேட்டா, எந்தக் கடல்னு திருப்பிக் கேப்பாங்க. மேக்கால ஒண்ணு, கெழக்கால ஒண்ணு. நடுவுல இருக்கிற ஒட்டுத்தரையை ஒரு காலைப் பொழுதுல நடந்து கடந்துடலாம். கப்பலை மரவண்டியில ஏத்தி, கல்லுல தடம் வெட்டின பாதையில மாடும் ஆளுமா இழுத்து, இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல்ல இறக்கிடுவாங்க. இழுவைப் பாதைன்னு அதுக்குப் பேரு. அது வேண்டாம்னா தெக்கே மொத்த நாட்டையும் சுத்திக்கிட்டு மலேயா முனையைத் தாண்டித்தான் வரணும். அந்த முனையில ரெண்டு பக்கத்துக் காத்தும் முட்டிக்கும். விரும்பி அதைச் சுத்தினவன் ஒருத்தனை நான் இன்னும் பாக்கல. கொரிந்து ஊர்க்காரங்க கொழுத்திருக்கிறது வயல்ல வெளைஞ்சதைத் தின்னு இல்ல. அடுத்தவன் கப்பல் முதுகுல உக்காந்து தின்னு. நானும் அதுல ஒருத்திதான், இல்லேங்கல.

என் பேரு பிலின்னா. என் கடை பாதையோட நடு மேட்டுல, மாடு மாத்தற இடத்துல இருக்கு. வாசல்ல நின்னா இடது கைப் பக்கம் ஒரு கடல், வலது கைப் பக்கம் ஒரு கடல். புருஷன் போய்ச் சேந்த பிறகு நானேதான் நடத்தறேன். பார்லி அடை, பருப்புக் கஞ்சி, உப்பு மீன், ஆலிவ், தண்ணி கலந்த திராட்சை மது. எனக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க. இழுவை ஆளுங்களுக்குச் சாப்பாடு போடறவளுக்கு வாய் குட்டையா இருந்தா, தின்னவன் கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டே இருப்பான்.

எங்க நாட்டுல ரெண்டு ஊருக்கு நடுவுல எப்பவும் ஒரு மலை நிக்கும். அதனால ஊருக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு மாசக் கணக்கு. மாசத்தை நிலாவை வச்சு எண்ணுவாங்க. அப்படியே விட்டா மாசம் முன்னாடி ஓடிடும், மழையும் வெயிலும் பின்னாடி நிக்கும். அதனால சில வருஷம் ஒரே மாசத்தை ரெண்டு தடவை ஓட்டணும். எப்போ ஓட்டறதுன்னு அந்தந்த ஊர் சபை சொல்லும். மலைக்கு இந்தப் பக்கம் கல்யாண மாசம், அந்தப் பக்கம் இன்னும் அதுக்கு முந்தின மாசம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விருந்து முடிஞ்சு வந்து நின்ன கதையெல்லாம் உண்டு.

அந்த வருஷம் எங்க சபைக்காரங்க எந்த மதில்ல எவன் கல்லு வைக்கறதுன்னு அடிச்சுக்கிட்டு, திராட்சை மாசத்தை ரெண்டு தடவை ஓட்டறதையே மறந்துட்டாங்க. விளைவு, விதை மாசம் அவசரமாப் பொறந்துடுச்சு. மண்ணு செங்கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. கொக்குக் கூட்டம் இன்னும் தெக்கே கத்திக்கிட்டுப் போகல. என் வீட்டுத் தொட்டியில மிதிச்ச திராட்சை நுரை அடங்கல. ஆனா ஊர்ல விதை மாசம். விதை மாசம் பொறந்தா இழுவைப் பாதையை மூடணும்னு பழைய சட்டம். மாடெல்லாம் உழவுக்குப் போகணும் பாருங்க. மாடு எங்க போச்சு? என் கடைக்கு எதிர்ல படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு.

அப்போதான் நௌசோன் வந்தான். மேக்குக் கரையில கப்பலையும் கூட வந்த நாலு பேரையும் நிறுத்திட்டு மேட்டுக்கு ஏறி வந்தான். பெல்பினாத் தீவுக்காரன். கெழக்குக் கடல் வாயில இருக்கிற சின்னப் பாறை அது, கழுகுப் பார்வை இருந்தாத்தான் தெரியும். முப்பது வயசு இருக்கும், உப்புல ஊறின தாடி, பேச்சுல சிரிப்பு.

"எங்க தீவுல ரெண்டே ரெண்டு விளையும்கா," அப்படின்னான் கஞ்சியை உறிஞ்சிக்கிட்டே. "ஒண்ணு கல்லு. இன்னொண்ணு பெரிய கல்லு."

"அப்புறம் எப்படிடா உயிரோட இருக்கீங்க?"

"கடல்பஞ்சு எடுப்போம். ஆட்டுப் பாலுல பால்கட்டி போடுவோம். அதைக் கப்பல்ல ஏத்தி சிசிலிக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு, கோதுமை கொண்டாருவோம். கீழ நிக்குது பாருங்க, அந்தக் கப்பல் ஊர் மொத்தத்துக்கும் சொந்தம். அதுல இருக்கிற கோதுமைதான் எங்களுக்கு வசந்தம் வரைக்கும். வேற ஒண்ணும் இல்ல."

நான் எட்டிப் பாத்தேன். வயிறு பெருத்த சின்னக் கப்பல். எல்லாக் கப்பலுக்கும் போல மூக்குல ரெண்டு கண்ணு வரைஞ்சிருந்தது. ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. நீலச் சாயம் பாதியில தீந்து போச்சாம். பொண்டாட்டி மெலித்தா வரைஞ்சதாம். இப்படியே இருக்கட்டும், தூரத்துலேர்ந்து பாத்தாலே நீ வரேன்னு எனக்குத் தெரியும்னு சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் காது சிவந்துடுச்சு.

பாதையைக் குத்தகைக்கு எடுத்தவன் பெரிலாஸ். வெள்ளை வெளேர்னு அங்கி போட்டுக்கிட்டு, வேர்க்காத வேலை பாக்கிறவன். அவனைக் கூப்பிட்டு விட்டேன்.

"பாதை மூடியாச்சுப்பா," அப்படின்னான் வந்ததும்.

"எப்போண்ணே?"

"முந்தாநேத்து. விதை மாசம் பொறந்துடுச்சு."

நௌசோன் சிரிச்சான். அவன் விளையாடறான்னு நினைச்சுட்டான். "விதை மாசமா? விடியக்காலையில எந்திரிச்சு வானத்தைப் பாருங்கண்ணே. கார்த்திகை மீன் இன்னும் மேக்குக் கடல்ல இறங்கல, ரெண்டு முழம் மேல நிக்குது. அது இறங்கினாத்தானே உழவு? அது இறங்கினாத்தானே கப்பல் ஓட்டறதை நிறுத்திக் கடலை மூடுவாங்க? சிசிலியில இப்போ திராட்சை மாசம்தான். அவங்க உங்க ஊர்லேர்ந்து போய்க் குடியேறினவங்க, மாசத்துப் பேரு கூட உங்களோடதுதான்."

"தனிக்குடித்தனம் போனவங்க எந்த மாசம் வேணா வச்சுக்கட்டும். இங்க விதை மாசம்."

"அப்போ கார்த்திகை மீன்?"

"அது சபையில உறுப்பினர் இல்லப்பா."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு. "ஏய்யா பெரிலாஸ், மாடு சும்மா கெடக்கு, ஆளு சும்மா கெடக்கான், வண்டிக்குப் போட்ட கொழுப்பு கூட இன்னும் காயல. இழுத்து விட்டாத்தான் என்ன? ஒரு கப்பலு!"

"இழுத்து விடுவேன். எவனாச்சும் போய்ச் சொல்லிட்டா? அபராதத்துல பாதி சொன்னவனுக்கு. மீதி பாதிக்கு என் குத்தகை போயிடும். இந்த மேட்டுல எத்தனை கண்ணு இருக்குன்னு உனக்குத் தெரியாதா? உனக்கே ரெண்டு இருக்கு."

பொய் சொல்லக் கூடாது, அவன் சொன்னது நியாயம்தான். காட்டிக் குடுக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறவன் ஊர்ல நிறைய உண்டு. மாட்டுக்காரன் கோரக்ஸ் மட்டும் ஓரமா வெங்காயம் கடிச்சுக்கிட்டே, "நான் என் மாட்டைக் கேட்டேன். அது இன்னும் திராட்சை மாசம்தான்னு சொல்லுது," அப்படின்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நௌசோனும் சிரிச்சான், ஆனா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வச்சுட்டான்.

மறுநாள் அவன் சபைக்கு நடந்து போனான். வெளியூர்க்காரன் உள்ள வந்து பேச முடியாது, ஊர்க்காரன் ஒருத்தன் அவனுக்காகப் பேசணும்னுட்டாங்க. பேச ஒருத்தனைப் பிடிச்சான். பிடிச்சவன் அடுத்த கூட்டத்துல பேசறேன்னான். அதுக்கப்புறம் கெழக்குக் கரைக்கு இறங்கிப் போய் வேற கப்பல் கிடைக்குமான்னு பாத்தான். பெரிய கப்பலெல்லாம் எப்பவோ கிளம்பிப் போயிருந்தது. மிச்சம் இருந்ததை மணல்ல இழுத்துப் போட்டு, மழைத் தண்ணி தேங்காம இருக்க அடி ஓட்டையில இருக்கிற அடைப்பை உருவி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மீன்பிடிக்கிறவன் ஒருத்தன் மட்டும் அந்தப் பக்கம் போறேன், வேணும்னா சேதி சொல்றேன்னான்.

திரும்பி வந்தவன் என் கடை வாசல்ல உக்காந்து ரெண்டு கடலையும் மாறி மாறிப் பாத்தான். அப்புறம் எந்திரிச்சான்.

"அக்கா, உங்க கொட்டகையில இடம் இருக்குமா?"

"எதுக்கு?"

"கோதுமைக்கு. கப்பலை இழுக்கத்தானே கூடாது? மூட்டை தூக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"சரி, மூட்டை இங்க. கப்பல்?"

"நான் சுத்தி வரேன். காலிக் கப்பலை எடுத்துக்கிட்டு, தெக்கே முனையைத் தாண்டி, கெழக்குக் கரைக்கு வந்து, இங்கேர்ந்து இறக்கி ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"உனக்கு மூளை கலங்கிப் போச்சா? கப்பலை மேக்குக் கரையிலேயே விடு. நான் பாத்துக்கறேன். நீ நடந்து போய், எவன் படகுலயாச்சும் தொத்திக்கிட்டு வீடு போய்ச் சேரு. வசந்தத்துல வந்து எடுத்துக்கோ."

"வசந்தத்துல எடுக்க வர ஆளு இருக்கணுமே அக்கா. எங்க ஊர்ப் படகு மூணு மூட்டைக்கு மேல தாங்காது. குளிர்காலக் கடல்ல எத்தனை தடவை வந்து எடுப்பாங்க? கப்பல் அந்தப் பக்கம் இருந்தாத்தான் கோதுமை ஒழுங்கா ஊர் சேரும்."

"அப்படின்னா கோதுமையோடயே சுத்திப் போயேன், மனுஷா. இறக்கி ஏத்தற வேலையாச்சும் மிச்சம்."

"நாங்க மூழ்கினா நாங்கதான் மூழ்குவோம்," அப்படின்னான் சாதாரணமா, அடை இன்னொண்ணு போடுங்கன்னு கேக்கிற மாதிரி. "கோதுமை மூழ்கக் கூடாது."

நான் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து விட்டேன்.

கோரக்ஸும் அவன் ஆளுங்களும் கழுதையிலயும் முதுகுலயும் மூட்டையை மேட்டுக்கு ஏத்தினாங்க. கூலிக்கு ரெண்டு மூட்டை குடுத்தான், கோரக்ஸ் ஒண்ணைத் திருப்பி உள்ள வச்சுட்டான். என்னடான்னு கேட்டா, மாடு வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னான். கொட்டகை கூரை வரைக்கும் நிறைஞ்சிடுச்சு. நான் எலிக்காக ரெண்டு பூனை பிடிச்சுட்டு வந்து உள்ள விட்டேன். கீழ நௌசோனும் கூட இருந்த நாலு பேரும் கப்பல் ஆடாம இருக்கக் கரைக்கல்லை அள்ளி வயித்துல போட்டாங்க.

"பெல்பினாக்காரன்கிட்ட கல்லு தூக்கச் சொன்னா கை தானாப் போகும்," அப்படின்னான், நான் அடை எடுத்துக்கிட்டுக் கரைக்கு இறங்கினப்போ.

மீன்காரன்கிட்ட சேதி சொல்லி அனுப்பினான். கோதுமை நடு மேட்டுல பிலின்னா கொட்டகையில இருக்கு, நான் கப்பலோட சுத்தி வரேன், நான் வரலேன்னா மீன்கொத்தி நாள்ல நீங்களே வந்து முடிஞ்சதை எடுத்துக்கோங்க. மீன்கொத்தி நாள்னா நடுக்குளிர்ல கடல் கொஞ்ச நாள் பால் மாதிரி அடங்கிக் கெடக்கும், மீன்கொத்தி முட்டையிட்டு அடைகாக்கிற நேரம். ‘நான் வரலேன்னா’ன்னு அவன் சொன்னப்போ மீன்காரன் தரையில துப்பிக்கிட்டான், கெட்டது ஒட்டாம இருக்க.

விடியும்போது போனான். கார்த்திகை மீன் அவன் சொன்ன மாதிரியே கடலுக்கு மேல நின்னுச்சு. கணக்குல அவன் தப்பே பண்ணல. கப்பல் வளைஞ்சு திரும்பினப்போ முதல்ல நீலக் கண்ணு தெரிஞ்சுது, அப்புறம் கறுப்புக் கண்ணு. நான் அடுப்பு பத்த வைக்கப் போயிட்டேன்.

நிலா முழுசாகறதுக்குள்ள கொரிந்துல ஒரு கூத்து நடந்துச்சு. விதை மாசத்துல கோயில் நிலத்துல பூசாரி முதல் உழவு ஓட்டணும். ஏரைக் குத்தினார், ஏர் உள்ள போகல. இன்னொரு தடவை குத்தினார், கொழு வளைஞ்சிடுச்சு. தெய்வம் ஒத்துக்கலைன்னு ஏரைப் போட்டுட்டுப் போயிட்டார். அப்போதான் சபையில இருக்கிற பெரிய மனுஷங்களுக்கு வானத்தைப் பாக்கணும்னு தோணுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அன்னிக்கே தீர்மானம் போட்டு, கட்டியக்காரனை விட்டுக் கூவினாங்க. இப்போ நடக்கிறது விதை மாசம் இல்ல, இரண்டாம் திராட்சை மாசம். இன்னிலேர்ந்து இல்ல, மாசம் பொறந்த நாள்லேர்ந்தே அப்படித்தான்.

பெரிலாஸ் அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மேட்டுக்கு ஓடி வந்தான். அன்னிக்குத்தான் அவன் வேர்த்து நான் பாத்தேன்.

"பிலின்னா! பாதை திறந்தாச்சு! எங்க அந்தப் பெல்பினாக்காரன்? அவன் கப்பலைத்தான் முதல்ல இழுக்கப் போறேன், கூலி கூட வேண்டாம்!"

எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த கரண்டியை அவன் மேல வீசிட்டேன். வெள்ளை அங்கியில பருப்பு வழிஞ்சுது. "போயிட்டான்யா," அப்படின்னேன். "உங்க சபைக்கு மாசம் எண்ணத் தெரியறதுக்குள்ள போயிட்டான்."

பெரிலாஸ் திட்டல. முகம் வெளிறிப் போய் அப்படியே கல்லு மேல உக்காந்தான். கெட்டவன் இல்ல அவன். மேக்கால ஆள் அனுப்பினான், கப்பல் வளைகுடாவுக்குள்ளயே எங்கயாச்சும் ஒதுங்கி இருக்குமான்னு தேடச் சொல்லி. கப்பல் எப்பவோ வெளிக்கடலுக்குப் போயிருந்தது.

பாதை மறுபடியும் சத்தம் போட ஆரம்பிச்சுது. வண்டி வந்துச்சு, மாடு வந்துச்சு, என் கடையில கூட்டம் தாங்கல. ஒவ்வொரு நாளும் நான் கெழக்கால பாத்தேன். கொக்குங்க கத்திக்கிட்டுத் தெக்கே போச்சு. கார்த்திகை மீன் கடல்ல இறங்குச்சு. பெருமழை பிடிச்சுது. அதுக்கப்புறம் நிஜமான விதை மாசம் பொறந்து, பாதையை மூடி, மாட்டை உழவுக்கு ஓட்டிட்டுப் போனாங்க.

தெக்கே முனைப் பக்கம் இருக்கிற லக்கோனியாவுலேர்ந்து சாயச் சிப்பி சுமந்துக்கிட்டு ஒருத்தன் கால்நடையா வந்தான். கஞ்சி குடிக்கும்போது பேச்சுவாக்குல சொன்னான். முனைக்குப் பக்கத்துல மணல்ல ஒரு கப்பல் மூக்கு கெடக்காம். எங்க ஊர்ப் பசங்க அதுல ஏறி விளையாடுதுங்க, சிரிப்பா இருக்கும், ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு கறுப்புன்னான்.

"ஆளுங்க?"

"ஆளுங்களை யாரும் பாக்கல."

நான் அவன் கிண்ணத்துல இன்னொரு கரண்டி ஊத்தினேன். அப்புறம் கொட்டகைக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டு மூட்டை மேல சாஞ்சு அழுதேன். ரெண்டு வேளை கஞ்சி குடிச்ச சொந்தம்தான். ஆனா அழுதேன்.

மீன்கொத்தி நாள் வந்துச்சு. கெழக்குக் கடல் அடங்குச்சு. காலையில கதவைத் திறந்தா, கீழே கரையில நிறைய குட்டிப் படகு. பொம்பளைங்களும் வயசானவங்களுமா மேட்டுக்கு ஏறி வந்தாங்க. முன்னாடி வந்தவ உயரமா, வெயில்ல கறுத்து இருந்தா. அவ என்னையும் பாக்கல, கொட்டகையையும் பாக்கல. மேட்டுல நின்னு நேரா மேக்குக் கடலைப் பாத்தா. மெலித்தா அவதான்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுச் சொன்னேன். சுத்தி வளைக்கல. கண்ணு நிறத்தையும் சொன்னேன். அவ முக்காட்டை இழுத்துத் தலையில போட்டுக்கிட்டா. அப்புறம் எந்திரிச்சு, "மூட்டை எங்கக்கா?" அப்படின்னா.

எல்லாரும் தூக்க ஆரம்பிச்சாங்க. பெரிலாஸ் எங்கேர்ந்தோ சேதி தெரிஞ்சு வந்து நின்னான். வரி கேக்க வந்திருக்கானோன்னு கரண்டியைத் தேடினேன். அவன் அங்கியை இடுப்புல சொருகிக்கிட்டு ஒரு மூட்டையைத் தோள்ல ஏத்தினான். பழக்கம் இல்லாத தோளு, தடுமாறினான்.

மெலித்தா பாதையோரமா நின்னு, கல்லுத் தடத்துல விரலை வச்சுப் பாத்தா. வண்டிக் கொழுப்பு கறுப்பா ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

"இது கப்பல் இழுக்கிற பாதைதானே?" அப்படின்னு பெரிலாஸைக் கேட்டா.

"ஆமாம்மா."

"இந்த வருஷம் எப்போ மூடினீங்க?"

"விதை மாசம் பொறந்தப்போ. கார்த்திகை மீன் இறங்கின பிறகு."

"அவரு அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டாரே. மீன்காரர் வந்து சேதி சொன்னப்போ கார்த்திகை மேலதான் நின்னுச்சு, நான் பாத்தேன். அப்போ இங்க என்ன மாசம்?"

பெரிலாஸ் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். சபை அந்தத் தீர்மானத்தைக் கல்லுல வெட்டி வச்சிருக்கு, வேற என்ன சொல்றது?

"இரண்டாம் திராட்சை மாசம்," அப்படின்னான்.

"திராட்சை மாசத்துல பாதை திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும்மா."

அவ விரல்ல இருந்த கொழுப்பைப் புல்லுல துடைச்சா. ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, ரெண்டு அடி இறங்கிட்டுத் திரும்பினா. கோபமா இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேன். நிஜமாவே புரியாமத்தான் கேட்டா.

"அப்போ அவரு ஏன்கா சுத்திப் போனாரு?"

வாயை வச்சுப் பொழைக்கிறவ நான். அன்னிக்கு ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு அவ பின்னாடி இறங்கினேன்.